இரத்தப் பரிசோதனையும் புராஸ்டேட் புற்றுநோயும்: நம் ஜமாஅத் ஆண்கள் அறிய வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில் விருதுநகர் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. வாசிப்பதற்கு ஏற்ப ஓரளவு சீர்செய்யப்பட்டுள்ளது.)





சென்ற மாதம் நிர்வாகிகள் என்னிடம் ஒரு யோசனை கேட்டார்கள். விருதுநகரிலும் சிவகாசியிலும் 50 வயதைத் தாண்டிய நம் ஆண்கள் எல்லோருக்கும் இலவசமாக இரத்தம் எடுத்து, புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் முகாம் ஒன்று நடத்தலாமா என்பது கேள்வி. நல்ல எண்ணம். ஒதுக்கப்போவது நீங்கள் கொடுத்த பணம். அதனால் அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், விஷயத்தை எல்லோர் முன்னிலையிலும் விளக்கிவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அதற்காகத்தான் இன்று நிற்கிறேன்.

பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனால் இந்தக் கூச்சத்தினாலேயே நம் அத்தாமார்கள் பலர் காலம் கடந்து மருத்துவரிடம் வருகிறார்கள். ஆகவே வெளிப்படையாகவே பேசுவோம்.

புராஸ்டேட் என்பது என்ன?

ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமைந்திருக்கிறது. இளவயதில் ஏறத்தாழ ஒரு நெல்லிக்காய் அளவு. வயது ஏற ஏற இது பெருக்கிறது. பெருத்தால் நடுவில் போகும் குழாயை நெருக்கும். இரவில் மூன்று, நான்கு முறை எழுந்து போவது, சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, போய் வந்த பிறகும் சொட்டுவது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். இது வயதுப் பெருக்கம். புற்றுநோய் அல்ல. இதற்கு நல்ல மாத்திரைகள் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சொட்டு விடுவதால் ஒளு நிற்காது, ஆடை சுத்தமாக இருக்காது என்று எண்ணி, பள்ளிக்கு வருவதையே நிறுத்திக்கொண்ட பெரியவர்கள் நம்மிடையே உண்டு. வீட்டில்கூட காரணம் சொல்ல மாட்டார்கள். முழங்கால் வலி என்பார்கள். இத்தகையவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது; அதை நம் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவத்தில் தீர்வு இருக்கிறது. அதை எங்களிடம் கேளுங்கள். இரண்டு வாசலும் திறந்திருக்கும்போது வீட்டுக்குள் முடங்க வேண்டாம்.

புராஸ்டேட் புற்றுநோய் வேறு. ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. எலும்புக்குப் பரவிய பிறகு இடுப்பு வலி, முதுகு வலி என்று வெளிப்படும். உலகில் 2022இல் ஏறத்தாழ 14 லட்சத்து 70 ஆயிரம் ஆண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 4 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் அந்த ஆண்டின் மதிப்பீடு சுமார் 38 ஆயிரம் புதிய நோயாளிகள். மேலைநாடுகளைவிட நம்மிடம் குறைவுதான். ஆனால் நம் ஆயுள் கூடிவருகிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரப் பதிவேடுகளில் இந்த நோய் ஏறுமுகமாக இருக்கிறது. நம் நாட்டில் நோய் முற்றிய நிலையில் வருவோர் மேலைநாடுகளைவிட அதிகம். 2020இல் உலகில் 14 லட்சமாக இருந்த ஆண்டுக் கணக்கு 2040இல் 29 லட்சமாகும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் எச்சரித்தது.

அப்படியானால் முன்கூட்டியே கண்டுபிடிப்பது நல்லதுதானே? நல்லதுதான். எப்படி என்பதில்தான் சிக்கல்.

பி.எஸ்.ஏ. என்ற ஒற்றை எண்

இன்று ஆய்வகங்களில் செய்யப்படுவது பி.எஸ்.ஏ. பரிசோதனை. பி.எஸ்.ஏ. ஒரு புரதம். விந்துத் திரவத்தை இளக்குவதற்காக புராஸ்டேட் சுரப்பது. அதில் மிகச் சிறிதளவு இரத்தத்தில் கசியும். 1979இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் இதைப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களைக் கண்காணிக்கவும், 1994இல் நோயைக் கண்டறிய உதவவும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. ஒரு மில்லி லிட்டரில் 4 நானோகிராமுக்கு மேல் போனால் கவனி என்பது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம்.

இந்த எண் ஏறினால் புற்றுநோய் என்று அர்த்தமா? இல்லை. சுரப்பி பெருத்தாலும் ஏறும். சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். சிறுநீர்க் குழாய் பொருத்தி எடுத்திருந்தாலும், முதல் நாள் தாம்பத்திய உறவு இருந்தாலும் ஏறலாம். எண் ஏறியவர்களுக்குச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்ற மூவரும் வீணாகத் தூக்கம் கெட்டவர்கள்.

மறுபக்கமும் உண்டு. எண் 4க்குக் கீழே இருந்தால் நிம்மதியா? 2004இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எண் 4ஐத் தாண்டாத ஆண்களுக்கும் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 15 பேரிடம் புற்று இருந்தது. சுரப்பி பெருத்ததற்காக ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அதைச் சொல்லாமல் இரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் பொய்யான ஆறுதல் தரும்.

ஆக, இந்த ஒற்றை எண் அரைகுறைச் சாட்சி. இதைவிட நல்ல சாட்சி உண்டா என்று விஞ்ஞானிகள் தேடியதில் பிறந்ததுதான் இரத்தத்தின் புரதப் படம்.

புரதப் படம்: சிவகாசிக்காரருக்குப் புரியும் விஷயம்

அச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரு காலண்டர் படம் எப்படி வருகிறது? நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட். நீல பிளேட்டை மட்டும் ஓட்டித் தாளைப் பார்த்தால் புள்ளிகள்தான் தெரியும்; அது ரோஜாவா, மலையா என்று சொல்ல முடியாது. நான்கும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் படம். பி.எஸ்.ஏ. அந்த நீல பிளேட். இரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் ஓடுகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நோயின் படம் தெரியுமே என்று எண்ணினார்கள்.

இதற்கு ஒரு பொறி உண்டு. ஒரு சொட்டு இரத்த நீரைச் சிறு தகட்டில் வைத்து லேசர் ஒளியை அடிப்பார்கள். புரதங்கள் பிய்ந்து பறக்கும். எடை குறைந்தது முதலில் போய்ச் சேரும், எடை கூடியது பின்னால் போய்ச் சேரும். யார் யார் எவ்வளவு வந்தார்கள் என்பதைப் பொறி மேடும் பள்ளமுமாக ஒரு கோட்டில் வரையும். நோயாளியின் கோட்டையும் நோயற்றவரின் கோட்டையும் கணினியிடம் காட்டி, வித்தியாசத்தைக் கண்டுபிடி என்பார்கள்.

2002இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தின் லான்ஸ் லியோட்டா, உணவு, மருந்து நிர்வாகத்தின் இமானுவேல் பெட்ரிகாயின் ஆகியோரின் குழு இந்த முறையைக் கொண்டு இரண்டு முடிவுகளை வெளியிட்டது. பிப்ரவரியில் பெண்களின் சினைப்பைப் புற்றுநோய். அக்டோபரில் புராஸ்டேட் புற்றுநோய். புராஸ்டேட் ஆய்வில் புற்றுள்ள 38 பேரில் 36 பேரைக் கணினி சரியாகச் சொன்னது. புற்றில்லாத 228 பேரில் 177 பேரைச் சரியாகச் சொன்னது. ஒரு சொட்டு இரத்தம் போதும் என்று உலகமே மகிழ்ந்தது.

இந்தக் கணக்கை நம் முகாமுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓர் உதாரணத்துக்கு 1000 பேர் வருகிறார்கள், அவர்களில் 10 பேருக்குத்தான் உண்மையில் புற்று என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் ஒன்பது, பத்துப் பேரையும் பரிசோதனை பிடித்துவிடும். நல்லது. மீதி 990 பேர்? 228இல் 51 பேரைத் தவறாகச் சொன்ன பரிசோதனை, 990இல் ஏறத்தாழ 220 பேரைத் தவறாகச் சொல்லும். ஒன்றுமில்லாத 220 பேர் வீட்டில் அழுகுரல். அத்தனை பேரையும் மதுரைக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டும். 95 சதவீதம் சரி என்று விளம்பரத்தில் வரும் எண்ணுக்குப் பின்னால் இந்த 220 பேர் நிற்கிறார்கள். எந்தப் புதிய பரிசோதனை பற்றிக் கேள்விப்பட்டாலும், "நோயில்லாதவரில் எத்தனை பேரைத் தவறாகப் பிடிக்கும்?" என்று கேட்டுப் பழகுங்கள்.

அந்த மகிழ்ச்சி ஏன் நிலைக்கவில்லை?

மறுபடியும் அச்சகத்துக்கே வருவோம். ஒரே பிளேட், ஒரே மை. திங்கட்கிழமை ஓட்டிய தாளும், மழைக்கால வெள்ளிக்கிழமை ஓட்டிய தாளும் ஒரே நிறமா? இல்லை. தாளில் ஈரம், மையின் தடிமன், இயந்திரத்தின் சூடு எல்லாம் மாறும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் இருக்கிறது, ஆகவே படமே வேறு என்று ஒருவர் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஏறத்தாழ அதுதான் நடந்தது. டெக்சாஸ் மாநிலத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும், வெளியிடப்பட்ட சினைப்பைப் புற்றுநோய்த் தரவுகளை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். கணினி கண்ட வித்தியாசங்கள் நோயின் வித்தியாசங்கள்தாமா, பொறியும் மாதிரிகளைக் கையாண்ட விதமும் தந்த வித்தியாசங்களா என்று 2004இல் கேள்வி எழுப்பினார்கள். ஒரு நாள் ஓட்டியதன் முடிவு இன்னொரு நாள் ஓட்டியதில் நிற்கவில்லை.

புராஸ்டேட் புற்றுக்கும் அதே தேர்வு வைக்கப்பட்டது. அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து, எது நோயாளியின் இரத்தம், எது நோயற்றவரின் இரத்தம் என்று சோதிப்பவருக்குத் தெரியாமல் வைத்துச் சோதித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. இந்த முறையால் புற்றுள்ளவரையும் இல்லாதவரையும் நம்பத்தக்க வகையில் பிரிக்க முடியவில்லை. முன்பு கிடைத்த வெற்றிக்கு, இரத்த மாதிரிகளைச் சேகரித்து வைத்திருந்த முறையில் இருந்த வேறுபாடுகளும் ஒரு காரணம் என்று அவர்களே எழுதினார்கள்.

இதைச் சொல்வது விஞ்ஞானத்தைக் குறைகூற அல்ல. தங்கள் துறையின் கண்டுபிடிப்பைத் தாங்களே தேர்வுக்கு வைத்து, தோற்றால் தோற்றது என்று அச்சிட்டார்களே, அந்த நேர்மை நமக்கும் பாடம். நமக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்தி 2002ஐப் போன்றது. அதற்குப் பின்னால் வரும் 2008 நமக்கு அனுப்பப்படுவதே இல்லை.

தேடல் நிற்கவில்லை

2005இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் என்பவரின் குழு வேறு வழியில் போனது. பெயரைக் கேட்டால் நம் பக்கத்துப் பெயர் என்று உங்களுக்கே தெரியும். புற்று தோன்றினால் உடல் அதை அந்நியன் என்று கண்டு எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கும். புற்றைத் தேடுவதைவிட, அதன் மேல் உடல் கொடுத்த புகாரைத் தேடலாமே என்று எண்ணினார்கள். 22 சிறு புரதத் துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை வைத்து, 60 நோயாளிகள், 68 நோயற்றவர்கள் என 128 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். புற்றுள்ளவரில் ஏறத்தாழ 82 சதவீதம், இல்லாதவரில் 88 சதவீதம் சரியாக வந்தது. பி.எஸ்.ஏ.வைவிட நன்றாக இருந்தது. ஆனால் சிறிய ஆய்வு. இன்றுவரை நம் ஆய்வகங்களில் வாடிக்கைப் பரிசோதனையாக அது வரவில்லை. அதே ஆண்டு, புராஸ்டேட் புற்றுகளில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று அதே குழு கண்டது பெரிய திருப்பம். அதன் வழியே சிறுநீர்ப் பரிசோதனைகள் உருவாகியுள்ளன.

அந்தக் குழுவில் பயிற்சி பெற்ற ஒருவரைப் பற்றி நம் பெண்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் புஷ்ரா அத்தீக். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். இன்று கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். ஸ்பிங்க்-1 என்ற புரதம் மிகுதியாகும் ஒரு முரட்டு வகைப் புராஸ்டேட் புற்றைப் பற்றி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 2020ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது, அன்று நம் நாட்டின் உயரிய அறிவியல் விருதாக இருந்தது, மருத்துவ அறிவியலுக்காக அவருக்குக் கிடைத்தது. ஆண்களின் நோயை ஒரு பெண் ஆராய்கிறார். நம் வீட்டில் ஆண்கள் அதைப் பற்றிப் பேசவே வெட்கப்படுகிறோம்.

பெங்களூரின் உயிர்த் தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014இல் மனித உடலின் புரதங்களுக்கு ஒரு வரைபடம் வெளியிட்டன. 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களின் புரதங்கள் அதில் அடையாளம் காணப்பட்டன. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 44 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமித்து வைத்த இரத்தத்தில் 1,463 புரதங்களைப் பார்த்து, புற்று கண்டறியப்படுவதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே சில புரதங்கள் மாறியிருந்ததைச் சொன்னார்கள். ஆக, புரதப் படம் என்ற எண்ணம் சாகவில்லை. அது இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, நம் ஊர் முகாமுக்கு வரவில்லை என்பதுதான் இன்றைய நிலை.

நடைமுறைக்கு வந்தவை சில உண்டு. இரத்தத்தில் ஒட்டாமல் திரியும் பி.எஸ்.ஏ. எத்தனை சதவீதம் என்று பார்ப்பது ஒன்று, பி.எஸ்.ஏ.வின் வெவ்வேறு வடிவங்களைச் சேர்த்துக் கணக்கிடும் புராஸ்டேட் நலக் குறியீடு இன்னொன்று. நான்கு உறவுப் புரதங்களைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு. இவை எல்லோருக்கும் எடுப்பவை அல்ல. எண் ஏறியவர்களில் யாருக்குச் சதை எடுக்க வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்று சலித்தெடுக்க உதவுபவை. நாம் பார்த்த அந்த 220 பேரைக் குறைப்பதுதான் இவற்றின் வேலை.

கண்டுபிடித்தால் உயிர் காக்குமா?

ஐரோப்பாவின் பெரிய ஆய்வு ஒன்று, 55 முதல் 69 வயது வரையிலான 1 லட்சத்து 62 ஆயிரம் ஆண்களை வைத்து நடந்தது. பி.எஸ்.ஏ. பார்த்த கூட்டத்தில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 20 சதவீதம் குறைவு என்று 2009இல் சொன்னது. 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பிறகு கணக்கு இப்படி: ஒரு மரணத்தைத் தவிர்க்க 570 பேரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும், 18 பேருக்குக் கூடுதலாகப் புற்று கண்டறிய வேண்டும். அந்தப் பதினெட்டில் பலர், பரிசோதனை செய்யாமலே இருந்திருந்தால் அந்தப் புற்றால் ஒருநாளும் தொந்தரவு கண்டிருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் புராஸ்டேட் புற்றில் பல, ஆமை வேகத்தில் வளர்பவை. இங்கிலாந்தில் பரவாத நிலையில் கண்டறியப்பட்ட 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று வைத்தார்கள். 15 ஆண்டு கழித்து எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் இந்தப் புற்றுக்குப் பலியாகாமல் இருந்தார்கள். 2023இல் வெளியான முடிவு இது. கண்காணித்தவர்களில் சிலருக்கு நோய் பரவியது, பலருக்குப் பின்னால் சிகிச்சையும் தேவைப்பட்டது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் புற்று என்ற சொல்லைக் கேட்டதும் நகையை அடகு வைத்து மறுநாளே அறுவைக்கு ஓட வேண்டியதில்லை. அறுவைக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். தாம்பத்தியம் பாதிக்கும். இதையெல்லாம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, மனைவியோடும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

பட்டாசு மருந்தால் வருகிறதா?

இந்தக் கேள்வி சிவகாசியில் எங்கு போனாலும் வருகிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் என்று நாளெல்லாம் கையில் அள்ளுகிறோமே, அதனால்தானா? புராஸ்டேட் புற்றுக்கு உறுதியாக அறியப்பட்ட காரணங்களில் முதன்மையானவை வயதும் குடும்பமும்தான். அத்தாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் வாய்ப்புக் கூடுகிறது. பட்டாசு மருந்து இந்தப் புற்றை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. அதற்காக முகமூடியைக் கழற்றிவிடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தீ விபத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆலையில் வேலை பார்க்கும் நமக்கு உள்ள தனிச் சிக்கல் வேறு: ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். அந்தப் பயத்தில் அறிகுறியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணு மாற்றம் பெண்களுக்கு மார்பகப் புற்றையும் சினைப்பைப் புற்றையும், ஆண்களுக்கு முரட்டு வகைப் புராஸ்டேட் புற்றையும் தூண்டக்கூடியது. உங்கள் பிறந்த வீட்டில் தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதிலேயே அப்படி வந்திருந்தால், அதை உங்கள் அண்ணன் தம்பிகளும் மகன்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்ற நினைவு பெரும்பாலும் உங்களிடம்தான் இருக்கிறது.

முகாம் பற்றி என் கருத்து

இப்போது நிர்வாகிகளின் கேள்விக்கு வருகிறேன். எல்லோருக்கும் ஒரே நாளில் பி.எஸ்.ஏ. எடுக்கும் முகாம் வேண்டாம் என்பது என் ஆலோசனை. நம் தேசியத் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பார்க்கச் சொல்லியிருப்பது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளைத்தான். புராஸ்டேட் அதில் இல்லை. முகாமில் இரத்தம் எடுப்பது சுலபம். எண் ஏறியவரைக் கைப்பிடித்து அழைத்துப் போவதுதான் கடினம். அந்த ஏற்பாடு இல்லாமல் எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது, பயத்தைக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம்.

அதே பணத்தில் இவற்றைச் செய்யலாம்.

முதலாவது, 55 முதல் 69 வயதுள்ளவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மருத்துவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, நன்மை தீமை கேட்டு, பி.எஸ்.ஏ. எடுப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்ய ஏற்பாடு. அத்தாவுக்கோ சகோதரருக்கோ இந்தப் புற்று இருந்தவர்கள் 45 வயதிலிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்கலாம். எழுபதைத் தாண்டிய, அறிகுறி இல்லாத பெரியவர்களுக்கு இதனால் பொதுவாகப் பயன் குறைவு.

இரண்டாவது, அறிகுறி உள்ளவர்கள். சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்வது, காரணமில்லாமல் நீடிக்கும் முதுகு, இடுப்பு எலும்பு வலி இருந்தால் எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். இவர்கள் ஆய்வகத்துக்கு நேரே போய் இரத்தம் கொடுத்துவிட்டு இணையத்தில் அர்த்தம் தேட வேண்டாம்.

மூன்றாவது, எண் ஏறியவர்கள். பதற வேண்டாம். தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்தி, சுமார் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்தியமும் நெடுந்தூர சைக்கிளும் வேண்டாம். வெறும் வயிறு தேவையில்லை. மறுபடியும் ஏறியிருந்தால் சிறுநீரகவியல் மருத்துவர். அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதில் சந்தேகம் தெரிந்தால் சதைப் பரிசோதனை. இந்த வரிசையில் எதையும் தாண்டிக் குதிக்கச் சொல்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

நான்காவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ வேறு இடத்துக்கோ போக வேண்டியவருக்குப் பேருந்துச் செலவு, இழக்கும் நாள் கூலி, கூடப்போக ஓர் ஆள். நம் இளைஞர்களில் நான்கு பேர் பெயர் கொடுத்தால் போதும். பரிசோதனை செய்துகொண்டு, முடிவு வந்து, பிறகு போகாமலே விட்டுவிடுபவர்களைத்தான் நாங்கள் அதிகம் இழக்கிறோம்.

செலவைப் பற்றி இரண்டு சொற்கள். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் இன்றே பெயரைக் கொடுங்கள், நோய் வந்த பிறகு அலைய வேண்டாம். மாதச் சம்பளம் 21 ஆயிரத்துக்குள் உள்ள, ஆலையில் முறையாகப் பதிவான தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதில் வேலையை விட்டவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இந்த நோய் ஓய்வுக்குப் பிறகுதான் பெரும்பாலும் வருகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய காப்பீட்டு அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒரே இரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும் தெரியும் என்று ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றை வாங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிவகாசி காலண்டரில் நிறம் விலகியிருந்தால் ஒரு பார்வையிலேயே தூக்கி ஓரம் போடுகிறவர்கள் நீங்கள். அந்தக் கண்டிப்பை உங்கள் உடல் விஷயத்திலும் காட்டுங்கள்.

நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தேடுவதை அறிவோடு தேடுவோம். நான்கு இளைஞர்களின் பெயர் இன்று இஷாவுக்கு முன் நிர்வாகிகளிடம் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியாகப் பேச விரும்பும் பெரியவர்கள் தொழுகைக்குப் பின் பின்வரிசையில் இருங்கள், நான் வருகிறேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.